இன்னொருக்கா உக்காருங்கக்கா

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு எங்கள் ஜோதி ஸ்டுடியோவில் ஈ, காக்கை எட்டிப் பார்க்காது. கல்யாணம் இல்லை, நிச்சயதார்த்தம் இல்லை, பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள்கூட ஆவணிக்கு வருகிறேன் என்கிறார்கள். நான் 'வைகைச் செய்தி' பேப்பரில் வேலைக்குச் சேர்ந்ததற்கு இந்த ஆடிதான் காரணம். வேறு மாதமாக இருந்தால் அப்பா விட்டிருக்க மாட்டார்.

தேனி அலுவலகத்தில் இருந்த புகைப்படக்காரர் மதுரைக்கு மாறிப் போய்விட்டார். ஒரு மாதம் பார்ப்பார்களாம், பிடித்தால் வைத்துக்கொள்வார்களாம். அப்பாவுக்கும் எனக்கும் தனியாக ஓர் ஒப்பந்தம்.

"ஆடி முடியிறதுக்குள்ள உன் பேரு போட்டு ஒரு படம் அதுல வரட்டும். வந்துச்சுன்னா நீ அங்கயே இரு. வரலைன்னா ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு கேமராவத் தூக்கிட்டு என்கூட வந்துரணும். பேச்சு மாறக்கூடாது."

அம்மா சாட்சி. நான் சரி என்றேன். ஒரு மாதத்தில் ஒரு படம்கூடவா வராது? கல்யாண வீட்டில் ஒரு நாளில் ஆயிரம் எடுக்கிறவள் நான்.

முதல் நாள் வேலை: மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதைப் படமெடுப்பது. பூசாரி அண்டாவிலிருந்து கூழை ஊற்றும்போது ஒரு தாத்தா குறுக்கே வந்துவிட்டார். "சாமி, அந்தக் கூழ திரும்ப அண்டாவுல ஊத்திட்டு இன்னொருக்கா ஊத்துங்க" என்றேன். வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவர் சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

ஜூலை 18, செவ்வாய்

தேனி அலுவலகத்தின் தலைமை நிருபர் ஜபருல்லா சார். வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. மெதுவாகத்தான் பேசுவார், திட்டும்போது அதைவிட மெதுவாக. நேற்று எடுத்ததைக் கணினியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"ஏம்மா மோகனப்பிரியா, கூழு ஊத்துற எடத்துல எல்லாரும் ஏன் உன்னையவே பாக்குறாங்க?"

"நான் பாக்கச் சொன்னேன் சார்."

கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். படம் வரவில்லை.

ஜூலை 19, புதன்

ஆட்டுச் சந்தை. ஆடுகளிடம் இங்கே பார் என்று சொல்ல முடியாததால் படம் நன்றாக வந்தது.

ஜூலை 20, வியாழன்

ஆட்டுப் படம் ஐந்தாம் பக்கத்தில் வந்துவிட்டது! கீழே பெயர் இல்லை. சாதாரணப் படங்களுக்குப் பெயர் போடுவதில்லையாம், பெரிய படமாக, பேசுகிற படமாக இருந்தால்தான் 'படம்: இன்னார்' என்று வருமாம். இருந்தாலும் அலுவலகத்தில் ஒரு பிரதியை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அந்தப் பேப்பரெல்லாம் நான் படிக்கிறதில்ல" என்றார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "ஆட்டுத் தலைக்கு மேல அவ்வளவு எடம் விட்டுருக்கியே, வானத்தையா விக்கிறாங்க சந்தையில?" என்றார். நான் பேப்பரை இன்னும் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எப்படித்தான் குற்றம் கண்டுபிடிக்கிறாரோ.

ஜூலை 24, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். நாளை யாராவது கேட்டால் சொல்ல வேண்டி வரும்.

வேம்பக்கோம்பையில் குடிதண்ணீர் கேட்டுப் பெண்கள் காலிக்குடங்களுடன் சாலை மறியல். காலை ஒன்பது மணிக்கு ஜபருல்லா சார் போனில் சொன்னார். ஸ்கூட்டியை எடுத்துப் பறந்தேன். பாதி வழியில் பஞ்சர். ஒட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது மறியல் முடிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பேசிச் சமாதானம் செய்துவிட்டார். பெண்கள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையாக நின்ற பேருந்துகளில் முதல் பேருந்தின் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

ஒரு படம்கூட இல்லாமல் எப்படித் திரும்பிப் போவது? கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில் யாராவது தலையை நீட்டி மறைத்துவிட்டால் நாங்கள் கலங்க மாட்டோம். "மாப்ள, கைய மறுபடி கழுத்துக்குக் கொண்டு போங்க, அப்படியே நிறுத்துங்க" என்போம். மாலை மாற்றுவதை மூன்று தடவைகூட மாற்றவைத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அக்கா, அக்கா! நான் படமே எடுக்கலக்கா. இன்னொருக்கா உக்காருங்கக்கா."

முன்னால் நின்ற அக்கா என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். நல்ல உயரம், வெற்றிலை போட்ட வாய். பெயர் காமுத்தாய் என்று பிறகு தெரிந்தது.

"ஏத்தா, பேப்பருக்கா?"

"ஆமாக்கா."

"ஏய், எல்லாரும் உக்காருங்கடி. பேப்பர்ல வருதாம்."

உட்கார்ந்தார்கள். நானும் சும்மா இருந்தேனா? உயரமானவர்களைப் பின்னால் போட்டேன். பித்தளைக் குடம், பிளாஸ்டிக் குடம் என்று மாற்றி மாற்றி வைத்தேன். பச்சையும் பச்சையும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டேன். "இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

எடுத்து முடித்து, "போதும்க்கா, எந்திரிங்க" என்றேன்.

காமுத்தாய் அக்கா எழவில்லை. "உக்காந்தது உக்காந்தாச்சு. மொதல்ல அந்த இன்ஸ்பெக்டரு பேச்சக் கேட்டு எந்திரிச்சதே தப்பு. இனி பி.டி.ஓ. வந்து சொன்னாத்தான் எந்திரிக்கிறது. என்னங்கடி?"

"ஆமா!" என்றார்கள் எல்லாரும். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்தார். "யாரும்மா நீ? பச்சப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி ஒரு மணி நேரம் பேசி எந்திரிக்க வச்சேன். ஒரு நிமிஷத்துல உக்கார வச்சுட்டியே? எந்தப் பேப்பரு?"

நான் பெருமையாகப் பேப்பர் பெயரைச் சொன்னேன். அந்தப் பெருமை தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மதியம் வட்டார வளர்ச்சி அதிகாரியான பி.டி.ஓ. வந்தார். வெயிலும் பசியும் அவரை வேகமாகப் பேசவைத்தன. ஆடிப்பெருக்கு அன்றைக்கே புதுக் குழாயில் தண்ணீர் வரும் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற ஊராட்சித் தலைவர் முத்துமாயன் தலையை ஆட்டினார். மறியல் இரண்டாம் தடவையாக முடிந்தது.

ஜூலை 25, செவ்வாய்

செய்தி வந்தது. படம் வரவில்லை.

"இது மறியலாம்மா?" என்றார் ஜபருல்லா சார். "பள்ளிக்கூடத்துல கடைசி நாள் எடுத்த குரூப் போட்டோ மாதிரி இருக்கு. தண்ணி இல்லாத சனம் இப்படியா சிரிக்கும்?"

அதற்குள் இன்ஸ்பெக்டர் போன் செய்தார். சார் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது. "ஆமா சார்... புதுப் பிள்ள சார்... தூண்டிவிட்டுச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்? மறியல் செஞ்சது அவுங்க. இது உக்காரத்தான் சொல்லிருக்கு... அப்படி ஒரு சட்டம் இருந்தா அனுப்பி வைங்க சார், நானும் படிச்சுக்கிறேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே, "இன்னும் கொஞ்ச நாளைக்கு யாரையும் உக்கார வைக்காத" என்றார். இந்த மனிதருக்கு என்னைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மதுரைத் தலைமை அலுவலகத்துக்கும் விஷயம் போயிருக்கிறது. என் பெயரே அங்கே இப்போதுதான் தெரிந்திருக்கும். இரவு சாப்பிடவில்லை. பசியில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 28, வெள்ளி

பேட்டரி சார்ஜரைக் காணோம். அம்மா அதைச் செல்போன் சார்ஜர் என்று நினைத்துச் சித்திக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். ஸ்கூட்டியில் போய் வாங்கி வந்தேன். வரும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மரம் நடு விழா. ஒரே ஒரு செடி, அதைப் பிடிக்கப் பதினோரு கைகள். செடியின் இலைகூடப் படத்தில் தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல், யாரையும் ஒழுங்குபடுத்தாமல் எடுத்தேன். வாயை அடக்குவதுதான் கஷ்டம், கேமரா ஒன்றும் கனமில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

அப்பா ஆவணி முகூர்த்தங்களைச் சுவரில் எழுதிவிட்டார். முதல் முகூர்த்தம் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு எதிரே 'மோகனா + நான்' என்று எழுதியிருக்கிறது. பென்சிலில்தான். மற்றதெல்லாம் பேனாவில். பேனா தீர்ந்துபோயிருக்கும்.

இதுவரை வந்த படங்கள் நான்கு. பெயர் போட்டு வந்தது ஒன்றுமில்லை. எனக்குக் கல்யாணப் படம் பிடிக்காமல் இல்லை, நன்றாகவே பிடிக்கும். ஆனால் அங்கே நடக்கப்போவது எனக்கு முன்பே தெரியும். இங்கே காலையில் வண்டியைக் கிளப்பும்போது ஒன்றுமே தெரியாது. அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை. இதை அப்பாவிடம் சொல்ல வரவில்லை, இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, வியாழன். ஆடிப்பெருக்கு

இன்று நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

வேம்பக்கோம்பையில் குழாய் திறப்பு விழா. வாழைமரம், மைக் செட், குழாய்க்குச் சந்தனம், குங்குமம், ஒரு மாலை. எனக்குத் தெரிந்து மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு பெரிய மாலை போட்டதில்லை. பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். காமுத்தாய் அக்கா என்னைக் கண்டதும், "வந்துட்டியா பாப்பா, இன்னைக்கும் உக்காரணுமா, நிக்கட்டுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

தலைவர் முத்துமாயன் குழாயில் கை வைத்தார். துணைத்தலைவர் அவர் கை மேல் கை வைத்தார். இன்னும் இரண்டு பேர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள். திருகினார்கள். உஸ்ஸென்று காற்று வந்தது. அப்புறம் ஒரு துளி, அதுவும் துரு நிறத்தில். அப்புறம் அதுவும் இல்லை.

மைக்கில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் யாரையோ பார்த்து, "மோட்டாருக்கு கரண்ட் குடுத்தாச்சுன்னுதானடா சொன்ன?" என்று பல்லைக் கடித்தார். இன்னும் கொடுக்கவில்லையாம். அது ஒரு வாரமோ பத்து நாளோ ஆகுமாம்.

நான் கேமராவை மூடப் போனேன். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பாப்பா, போயிராத. அஞ்சே நிமிஷம்."

எங்கிருந்தோ ஒரு தண்ணி லாரி பின்பக்கமாக வந்து நின்றது. குழாய் மேடைக்குப் பின்னால் பைப்பைக் கழற்றி, லாரியின் ரப்பர் ஓஸை அதில் சொருகினார்கள். லாரி கிளீனர் ஈரச் சாக்கைச் சுற்றி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு குத்தவைத்தார். குழாயில் தண்ணீர் கொட்டியது.

"ம், இப்ப எடு பாப்பா. மொதல்ல திறந்த மாதிரியே இன்னொருக்கா திறக்கிறோம். நீங்கதான் கல்யாணத்துல எல்லாம் திரும்பச் செய்யச் சொல்லி எடுப்பீங்கள்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் எடுக்காமல் போனாலும் ஒன்றும் நின்றுவிடாது. பக்கத்தில் நின்ற இன்னொரு பேப்பர்க்காரர் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தார். நாளைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று படம் வந்துவிடும், அப்புறம் அந்த மோட்டாருக்கு யார் கரண்ட் கொடுப்பார்கள்? பெண்களின் முகத்தைப் பார்த்தேன். சத்தம் போட்டு ஓய்ந்தவர்களின் முகம்.

நான் கண்ணைக் கேமராவில் வைத்துப் பின்னால் நடக்க ஆரம்பித்தேன்.

"எங்க பாப்பா போற?"

"எல்லாரும் படத்துல விழணும்ல சார்."

"ஆமா ஆமா, நல்லா பின்னாடி போயி எடு. கூட்டம் தெரியணும்!"

நல்லாவே போனேன். மைக் செட் வண்டியைத் தாண்டி, வாழைமரத்தைத் தாண்டி, ஒரு சிமெண்டுத் திண்டின் மேல் ஏறி நின்றேன். இப்போது குழாய், நான்கு பேரின் கை, பல் முப்பத்திரண்டும் தெரிகிற தலைவர், அவருக்குப் பின்னால் ஓஸ், குத்தவைத்த கிளீனர், முழு லாரி, இந்தப் பக்கம் வரிசையில் பெண்கள், எல்லாரும் விழுந்தார்கள். ஒரு பெண் மட்டும் ஓஸை மறைத்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. காமுத்தாய் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், லாரியை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏத்தா ரஞ்சிதம், இங்கிட்டு வந்து நில்லு. பாவம், அந்தக் கிளீனரு தம்பியும் படத்துல விழட்டும்."

எடுத்தேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்றால், ஒன்றும் நினைக்கவில்லை. எல்லாரையும் சேர்த்து எடுக்கிற புத்திதான்.

அதே நாள், மாலை

ஜபருல்லா சார் படத்தைப் பார்த்துக் கிராம்பைத் துப்பிவிட்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பக்கத்துல எனக்கு இருக்கிற எடம் ரெண்டு காலம், அதாவது ரெண்டு பத்தி அகலம். ரெண்டு காலத்துல போட்டா லாரிய வெட்டணும். வெட்டுனா குழாயும் தலைவரும் தண்ணியும்தான் இருக்கும். கீழ உன் பேரு போட்டுறலாம், நல்ல படம்."

"வெட்டாமப் போட முடியாதா சார்?"

"முடியும். மதுரைக்குப் பேசி நாலு காலம் வாங்கணும். வாங்கிருவேன். ஆனா அதுல உன் பேரு வராது." அவர் மெதுவாகத்தான் பேசினார், இந்த முறை திட்டவில்லை. "பேரப் பாத்தா, மறியல்ல உக்கார வச்ச அதே பொண்ணு வேணும்னே செஞ்சிருக்குன்னு உன் மேல திருப்பிவிட்டுருவாங்க. பேரு இல்லைன்னா பேப்பர் எடுத்த படம். பேப்பருக்கு வக்கீல் இருக்காரு. உனக்கு யாரு இருக்கா?"

ரெண்டு காலத்தில் என் பெயர். நாலு காலத்தில் லாரி. ஆடி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, இதைப் போல ஒரு படம் இன்னொன்று கிடைக்குமா தெரியாது. அப்பா பேச்சு மாற மாட்டார், நானும் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

"லாரி வரட்டும் சார்" என்றேன்.

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சா மாத்திருவேன் சார். சீக்கிரம் மதுரைக்குப் பேசுங்க."

சிரித்தார். இந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து அழுதேன். பேர் போனதற்குத்தான். வேறு எதற்கும் இல்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

முதல் பக்கம். நாலு காலம். லாரியின் சக்கரம்கூட வெட்டுப்படவில்லை. தலைப்பு: 'பெருக்கெடுத்தது லாரி.' கீழே: 'படம்: நமது நிருபர்.'

நமது நிருபரின் அம்மா எட்டுப் பிரதி வாங்கியிருக்கிறார். அப்பா படத்தைக் கையில் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "யாரோ திண்டு மேல ஏறி நின்னு எடுத்துருக்கான். வேலை தெரிஞ்சவன்" என்றார். பிறகு, "பேரு இல்லையே" என்றார்.

"இல்லப்பா" என்றேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து வேம்பக்கோம்பையில் விசாரித்தார்களாம். மின்வாரியத்துக்காரர்கள் கம்பம் ஏறியிருக்கிறார்களாம். தலைவர் முத்துமாயன் அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்டார். ஜபருல்லா சார் டீ வாங்கிக் கொடுத்து, வக்கீலின் போன் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினார். நான் கழிவறையில் இருந்தேன். வேலை இருந்தது.

ஆகஸ்ட் 12, சனி

கத்தரிக்காய் விலை, தெருநாய், ஒரு வாழைத்தாரில் இரண்டு பூ. படம் வந்தது, பெயர் வரவில்லை. இருபதாம் தேதிக்குக் கேமராவைத் துடைத்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, புதன்

மதுரையிலிருந்து சொல்லிவிட்டார்களாம், நான் தொடரலாமாம். ஜபருல்லா சார் அதை இப்படிச் சொன்னார்: "திங்கக்கிழமை கம்பம் டவுன்ல திராட்சை விவசாயிங்க கூட்டம். காலைல ஏழு மணிக்கு அங்க இருக்கணும். பஞ்சர் கதையெல்லாம் வேணாம்."

நான் ஒப்பந்தத்தைச் சொன்னேன். "ஒங்க அப்பாட்ட நான் பேசவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பேச்சு என்றால் பேச்சுதான்.

ஆகஸ்ட் 17, வியாழன். ஆடி கடைசி நாள்

காலையில் காமுத்தாய் அக்கா போன். "பாப்பா, தண்ணி வந்துருச்சு! ரெண்டு நாளா வருது. வெரசா வா."

கேமராவோடு போனேன். ஆனால் என்னை யாரும் பார்க்கவில்லை. குடம் நிறைகிறது, அடுத்த குடம் வருகிறது, சண்டை நடக்கிறது, ஒருத்தி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு காலைக் கழுவுகிறாள். எனக்கு முதுகுகள்தான் கிடைத்தன. எவ்வளவு நல்ல முதுகுகள்! நின்று நிதானமாக எடுத்தேன், ஒருவரையும் திரும்பச் சொல்லவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அக்கா என்னை மோட்டார் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். கதவில் பேப்பர்ப் படத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார்கள். 'நமது நிருபர்' என்று இருந்த இடத்தைக் கரிக்கட்டையால் நன்றாக அடித்துவிட்டு, அதற்குக் கீழே கதவிலேயே பெரிதாக எழுதியிருந்தது:

படம்: நம்ம பாப்பா.

"அது யாரோ நிருபருன்னு போட்டுருந்துச்சு பாப்பா. எங்களுக்குத் தெரியாதா யாரு எடுத்ததுன்னு? ரஞ்சிதம்தான் எழுதுனா. ஒம் பேரு எங்களுக்குத் தெரியல. சொல்லு, சரியா எழுதிருவோம்."

நான் சொல்லவில்லை. "இதுவே இருக்கட்டும்க்கா" என்றேன். கேமராவைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன், கண்ணீரை மறைக்க முடியவில்லை. ஒரு குடத்தை என் கையில் கொடுத்து, "அழுறவ சும்மா நிக்காம இதக் கொண்டுபோய் வீட்டுல வையி" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதவை எடுத்த படத்தை அப்பாவிடம் செல்போனில் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். விரலால் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார். அம்மா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பேரு போட்டு வரட்டும்னு சொன்னீங்க. ஆடி இன்னும் முடியலப்பா" என்றேன்.

"இதெல்லாம் ஒரு பேரா?" என்றார் அப்பா.

அவர் என் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு, தன் செல்போனை எடுத்து உத்தமபாளையத்தில் இருக்கும் இன்னொரு புகைப்படக்காரருக்குப் போன் போட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை ஒரு முகூர்த்தம் இருக்கு, வர முடியுமா? ஆமா, நான் ஒத்த ஆளுதான். எங்க பிள்ளைக்குப் பேப்பர்ல வேலை."